ஆட்டக்காரர் சுருண்டு விழுந்தால் கூட்டம் என்ன செய்கிறது?

2021 ஜூன் 12, சனிக்கிழமை. நம் நேரப்படி இரவு பத்து மணி தாண்டிவிட்டது. கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த நேரம். பெரிய மேட்ச் நாட்களில் கடலூரிலும் புதுச்சேரியிலும் ஆள் சேரும் இடங்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. அவரவர் வீட்டு டிவியிலும் செல்போனிலும்தான் யூரோ கால்பந்துக் கோப்பை. கோபன்ஹேகனில் டென்மார்க்கும் ஃபின்லாந்தும் ஆடிக்கொண்டிருந்தன. முதல் பாதி முடிய இன்னும் இரண்டு மூன்று நிமிடம்தான். டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் இடது ஓரக்கோட்டுப் பக்கம் ஒரு த்ரோவை வாங்கப் போனார். பந்து அவர் காலில் பட்டுத் தெறித்தது. அப்படியே முன்பக்கமாகச் சரிந்து விழுந்தார். யாரும் இடிக்கவில்லை, யாரும் காலை வாரவில்லை.

அதன் பிறகு நடந்ததை உலகமே பார்த்தது. ரெஃப்ரி ஆன்டனி டெய்லர் உடனே விசில் அடித்து மருத்துவர்களைக் கூப்பிட்டார். டென்மார்க் வீரர்கள் எரிக்சனைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். முதுகு அவர் பக்கம், முகம் வெளிப்பக்கம். உள்ளே மருத்துவக் குழுவினர் அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். ஃபின்லாந்து ரசிகர்களின் கொடிகள் மைதானத்துக்குள் வந்தன. ஸ்ட்ரெச்சரில் அவரை வெளியே கொண்டு போகும்போது அந்தக் கொடிகளைத் திரையாகப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். பிறகு அரங்கத்தில் காத்திருந்த கூட்டத்தில் ஒரு பக்கம் ஃபின்லாந்துக்காரர்கள் "கிறிஸ்டியன்" என்று கத்தினார்கள். எதிர்ப்பக்கம் டென்மார்க்காரர்கள் "எரிக்சன்" என்று பதில் கொடுத்தார்கள். ஒருவர் பெயரை இரண்டு நாட்டு ரசிகர்கள் பங்கு போட்டுக் கூப்பிட்டார்கள்.

இந்தக் காட்சியை "மனிதநேயம் வென்றது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது நம் வழக்கம். மனிதநேயம்தான், சந்தேகமில்லை. ஆனால் எனக்கு அதில் இன்னொன்றும் முக்கியமாகத் தெரிகிறது. அந்த ரசிகர்கள் உயிர் காக்கும் வேலையில் தங்கள் பங்கைச் செய்தார்கள். அந்தப் பங்கில் பெரும்பகுதி, சில காரியங்களைச் செய்யாமல் இருந்தது. அவர்கள் மைதானத்துக்குள் குதிக்கவில்லை, சுற்றி மொய்க்கவில்லை, வழியை அடைக்கவில்லை. கத்த வேண்டிய நேரம் வரும்வரை கத்தாமல் இருந்தார்கள். பாசத்தில் நம் ஊர்க் கூட்டம் அவர்களுக்குக் குறைந்ததில்லை. உண்மையில் நாம் கொஞ்சம் அதிகம். அந்தப் பாசம் முதல் ஐந்து நிமிடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் எனக்குக் கவலை.

முதலில், எதிர் எதிராக நிற்கிற ரசிகர்கள் ஏன் ஒரே நொடியில் ஒன்றாகிறார்கள்? கால்பந்துப் பகை ஊரறிந்தது. கொடி, பாட்டு, வசவு, சில ஊர்களில் அடிதடி வரை போகும். ஆனாலும் அந்தப் பகை ஓர் எல்லைக்குள் நடப்பது. தொண்ணூறு நிமிடம் முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள் என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு கத்தலும். ஓர் ஆட்டக்காரர் உயிருக்குப் போராடும்போது அந்த நம்பிக்கை உடைகிறது. அதோடு, அங்கே விழுந்து கிடப்பவர் கூட்டத்திலேயே உடல் வலு மிக்கவர்களில் ஒருவர். தினமும் பயிற்சி, அளந்து சாப்பாடு, வருடா வருடம் மருத்துவப் பரிசோதனை. அவருக்கே இப்படி என்றால் நமக்கு? எதிரணிக்காரர் என்பது அந்தக் கணத்தில் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

புதுச்சேரியில் இதை வேறொரு வகையில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன; பிரான்ஸ் ஆடினால் அந்த வீடுகளில் அது சொந்த வீட்டு விசேஷம் மாதிரி. 2003 ஜூன் 26ஆம் தேதி, கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதி. பிரான்ஸின் லியோன் நகரில் கேமரூனும் கொலம்பியாவும் ஆடின. கேமரூனின் மார்க் விவியன் ஃபோயே நடுவட்டத்தில் தனியாகச் சரிந்தார். காப்பாற்ற முடியவில்லை. அவர் லியோன் கிளப்புக்கே ஆடியவர், அந்த அரங்கம் அவருக்குச் சொந்த அரங்கம். இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்துப் போகும் ஒரு நோய் அவருக்கு இருந்தது பிறகுதான் தெரிந்தது. அன்றிரவே இன்னொரு அரையிறுதியில் பிரான்ஸ் துருக்கியோடு ஆடியது. கோல் அடித்த தியரி ஹென்றி வானத்தைக் காட்டினார். மூன்று நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் பிரான்ஸும் கேமரூனும் மோதின. பிரான்ஸ் ஜெயித்தது. கோப்பையை பிரான்ஸ் கேப்டன் மார்செல் தெசாயி தனியாகத் தூக்கவில்லை, கேமரூன் கேப்டன் ரிகோபர்ட் சாங்கையும் சேர்த்துக்கொண்டு தூக்கினார்.

ஃபோயே விழுந்ததற்கும் எரிக்சன் விழுந்ததற்கும் இடையில் பதினெட்டு வருடம். ரசிகர்களின் பாசத்தில் வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் மைதானத்து ஓரத்தில் என்ன தயாராக இருந்தது, அங்கே நின்றவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதில்தான்.

உடலுக்குள் நடப்பது இதுதான். இதயம் துடிப்பதற்கு அதற்குள்ளேயே ஒரு மின்சார ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கு திடீரென்று குலைந்தால் இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும். ரத்தம் மூளைக்குப் போகாது, சில நொடிகளில் ஆள் விழுந்துவிடுவார். மாரடைப்பு வேறு. அதில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் ஆள் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லும் நிலையில் இருப்பார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக அவகாசம் இருக்கும். மாரடைப்பு முற்றித் துடிப்பு நின்று போவதும் உண்டு. ஆனால் இளம் ஆட்டக்காரர்கள் மைதானத்தில் விழுவது பெரும்பாலும் மின்சார ஒழுங்கு குலைவதால்தான்.

அப்படி விழுந்தவருக்கு ஒன்றும் செய்யாமல் விட்டால், பிழைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நிமிடமும் 7 முதல் 10 சதவீதம் வரை குறையும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பத்து நிமிடம் போனால் கிட்டத்தட்ட எல்லாம் போய்விடும். அந்த நேரத்தில் உதவக்கூடியவை இரண்டுதான். ஒன்று, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து வேகமாக, ஆழமாக அமுக்குவது. சி.பி.ஆர். என்கிறோமே, அது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது உள்ளே போக வேண்டும். இதயம் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்கிறது. இரண்டாவது, ஷாக் கொடுத்து அந்த நடுக்கத்தை நிறுத்துவது. அதற்கான சின்னப் பெட்டிதான் ஏ.இ.டி. அதைத் திறந்தால் அதுவே பேசும்; பட்டைகளை எங்கே ஒட்ட வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்று சொல்லும். ஷாக் தேவையில்லை என்றால் கொடுக்காது. டாக்டர் அல்லாதவர்களும் பயன்படுத்துவதற்காகவே செய்தது.

எரிக்சனுக்கு ஒரே ஒரு ஷாக்கில் துடிப்பு திரும்பியது. அதற்கு முன் அவர் போய்விட்டிருந்தார் என்று டென்மார்க் அணியின் மருத்துவர் மோர்ட்டன் போசன் மறுநாள் சொன்னார். கேமராவில் நாம் பார்த்த அந்த வட்டத்துக்குள், துடிப்பு நின்ற ஒருவர் திரும்பி வந்திருக்கிறார்.

2012 மார்ச் 17ல் லண்டனில் நடந்தது இன்னும் பெரிது. டாட்டன்ஹாம் அரங்கத்தில் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதி. எதிரணியான போல்டனின் 23 வயது ஃபாப்ரிஸ் முவாம்பா விழுந்தார். கூட்டத்தில் டாட்டன்ஹாம் ரசிகராக உட்கார்ந்திருந்த ஆண்ட்ரூ டீனர் ஓர் இதய மருத்துவர். பாதுகாப்பு ஆட்களிடம் தான் யாரென்று சொல்லி, உள்ளே ஓடினார். முவாம்பாவின் இதயம் 78 நிமிடம் தானாகத் துடிக்கவில்லை. அந்த 78 நிமிடமும் மாற்றி மாற்றி நெஞ்சை அமுக்கினார்கள், 15 தடவை ஷாக் கொடுத்தார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் டீனர்தான் முடிவு செய்தார். முவாம்பா பிழைத்தார். அதன் பிறகு ஆடவில்லை, ஆனால் நன்றாக இருக்கிறார். இரண்டு அணி ரசிகர்களும் அன்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் இறங்கி வந்தார், அவருக்கு வழி விட்டார்கள்.

அதே மார்ச் மாதம், முவாம்பா விழுந்து சில நாட்களில், பெங்களூரில் ஒரு மாவட்ட லீக் ஆட்டம். ஓர் இளம் ஆட்டக்காரர் சரிந்தார். மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். பிழைக்கவில்லை. லண்டனுக்கும் பெங்களூருக்கும் ஒரே மாதத்தில் இருந்த தூரம் அது. அதே பெங்களூரில் 2004 டிசம்பரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர், கோல் போடும்போது கோல்கீப்பரோடு மோதி விழுந்து இறந்ததையும் இந்தியக் கால்பந்து பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2019 டிசம்பர் கடைசியில் கேரளத்தின் பெரிந்தல்மண்ணாவில் அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் போட்டியில், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டுக்கும் ஆடிய பாலக்காட்டுக்காரர் தனராஜன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார், மீளவில்லை. செவன்ஸ் போட்டி என்றால் கேலரி நிரம்பி வழியும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி நம் மைதானங்களுக்கு வருவோம். கடலூர் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டு அரங்கம், புதுச்சேரி உப்பளம் இந்திரா காந்தி அரங்கம், லாஸ்பேட்டை மைதானம், தேவனாம்பட்டினம் கடற்கரை, இவை தவிர மீனவக் கிராமங்களில் லைட் போட்டு இரவில் நடக்கும் போட்டிகள். ஒலிபெருக்கியில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருப்பார். ஓரக்கோட்டை ஒட்டி சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். நுழைவாசலை அடைத்து பைக்குகள் நிற்கும்.

அங்கே யாராவது சுருண்டு விழுந்தால் என்ன நடக்கும் என்பது இந்தப் பக்கம் மேட்ச் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். ஐம்பது பேர் உள்ளே ஓடுவார்கள். "தள்ளுங்கப்பா, காத்து வரட்டும்" என்று கத்துகிறவரே குனிந்து காற்றை அடைத்துக்கொண்டிருப்பார். ஒருவர் முகத்தில் தண்ணீர் அடிப்பார். இன்னொருவர் வாயில் சோடாவை ஊற்றப் பார்ப்பார். கை கால் இழுத்தால் "சாவி குடுங்கப்பா, சாவி" என்று குரல் எழும்பும். நாலைந்து பைக் சாவி அவர் உள்ளங்கையில் திணிக்கப்படும். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்ற பழைய நம்பிக்கை.

இந்தச் சாவி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இதயம் நின்ற முதல் சில நொடிகளில் உடல் லேசாக வெட்டி வெட்டி இழுப்பது உண்டு. பார்க்க வலிப்பு மாதிரியே இருக்கும். கண் திறந்தே இருக்கலாம். வாய் மீன் மாதிரி திறந்து திறந்து மூடலாம். விட்டு விட்டு ஒரு கொர் சத்தம் வரும். சுற்றி நிற்பவர்கள் "மூச்சு இருக்குப்பா, ஒண்ணுமில்ல" என்று ஆறுதல் அடைவார்கள். அது மூச்சு இல்லை, மூளை கடைசியாக அனுப்பும் ஓர் அனிச்சை. அந்த இரண்டு மூன்று நிமிடத்தைச் சாவியிலும் சோடாவிலும் விட்டால், அதன் பிறகு எவ்வளவு பெரிய டாக்டர் வந்தாலும் கஷ்டம். ஆகவே உலகம் முழுக்கச் சொல்லப்படும் விதி எளிமையானது: யாரும் இடிக்காமல் ஓர் ஆட்டக்காரர் விழுந்து, கூப்பிட்டால் பதில் சொல்லாமல், சீரான மூச்சு இல்லாமல் கிடந்தால், இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உடனே அமுக்க ஆரம்பிக்க வேண்டும். தேவையில்லாமல் அமுக்கினால் வரும் கெடுதல், தேவைப்பட்டபோது அமுக்காமல் விடுவதால் வரும் கெடுதலுக்குப் பக்கத்தில்கூட வராது. வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமே என்று தயங்கவும் வேண்டாம். பயிற்சி இல்லாதவர்கள் நெஞ்சை மட்டும் அமுக்கினால் போதும் என்றுதான் இந்திய மருத்துவர்கள் பொதுமக்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு பழக்கம், "ஜிப்மருக்கு ஏத்திடலாம்ணா" என்பது. கடலூரிலிருந்து பாகூர் வரை யாருக்கு என்ன ஆனாலும் முதலில் வாயில் வருவது கோரிமேடு ஜிப்மர்தான். அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை; எத்தனையோ குடும்பங்களை அந்த ஆஸ்பத்திரி காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டருக்கு மேல். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் என்று சாயங்கால நேரத்து நெரிசலைத் தாண்டி, நகரத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் கோரிமேடு போக வேண்டும். துடிப்பு நின்றவரைக் காரில் மடக்கிப் போட்டு அந்தத் தூரம் கொண்டு போவது, வழியெல்லாம் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டு போவதற்குச் சமம். முதல் சிகிச்சை புல்தரையிலேயே, அவர் விழுந்த இடத்திலேயே நடக்க வேண்டும். 108க்கு ஒருவர் போன் செய்யட்டும். அது வந்து சேரும்வரை அமுக்குவதை விடக் கூடாது. அமுக்குகிறவருக்கு இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், அடுத்தவர் மாற வேண்டும். இங்கேதான் கூட்டம் உபயோகப்படும். ஐம்பது பேரில் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

108 வந்தால் மட்டும் போதாது, உள்ளே வர வழி வேண்டும். 2012 ஏப்ரலில் இத்தாலியின் பெஸ்காரா அரங்கத்தில் லிவோர்னோ வீரர் பியெர்மாரியோ மொரோசினி விழுந்தபோது, ஆம்புலன்ஸ் வழியை ஒரு போக்குவரத்துப் போலீஸ் கார் அடைத்துக்கொண்டு நின்றது. கண்ணாடியை உடைத்து அதை நகர்த்த வேண்டியிருந்தது. அவர் பிழைக்கவில்லை. நம் போட்டிகளில் வாசலை அடைத்து நிற்கும் பைக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கார்தான் ஞாபகம் வருகிறது.

ஐம்பது வயதில் வெட்டரன்ஸ் போட்டி ஆடுகிறவர், கேலரியில் உட்கார்ந்து கத்துகிற பெரியவர், இவர்களுக்கு வருவது பெரும்பாலும் மாரடைப்பு. அவர்களுக்கு நேரம் கொஞ்சம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலுமே மாரடைப்புக்கு முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். நெஞ்சு வலியை "கேஸ் ட்ரபிள்" என்று ஜெலுசில் குடித்துவிட்டு இரண்டாம் பாதி ஆடப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

முன்கூட்டியே கண்டுபிடித்துவிட முடியாதா என்று கேட்கலாம். ஓரளவுக்கு முடியும். இத்தாலியில் 1982 முதல் போட்டியில் ஆடுகிற எல்லாருக்கும் இ.சி.ஜி.யோடு கூடிய பரிசோதனை கட்டாயம். அங்கே வெனெட்டோ பகுதியில் இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் இதய மரணம் சுமார் 90 சதவீதம் குறைந்ததாக 2006ல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கம் 11,168 இளம் ஆட்டக்காரர்களைச் சோதித்து, பல வருடம் பின்தொடர்ந்தது. அதன் முடிவு 2018ல் வந்தது. 42 பேருக்கு ஆபத்தான இதயக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது; அது பெரிய விஷயம்தான். பிறகு திடீரென்று இதயம் நின்று இறந்த 8 பேரில் 6 பேருக்குப் பரிசோதனையில் ஒரு குறையும் தெரிந்திருக்கவில்லை. சோதனை செய்தாலும் மைதானத்துத் தயார்நிலையை விட முடியாது. எரிக்சனும் வருடா வருடம் சோதனை செய்துகொண்டவர்தான்.

நம் ஆட்களுக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடிய ஒரு மரபணு மாற்றம் இருப்பதை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் பங்கெடுத்த ஓர் ஆய்வு 2009ல் வெளியிட்டது. பெரும்பாலும் வயதான பிறகே அது தொந்தரவு கொடுக்கிறது, அதற்காக யாரும் பயந்து ஆடாமல் இருக்கத் தேவையில்லை. ஆனால் ஓடும்போது மயங்கி விழுந்த பையனை "சாப்பிடாம வந்திருப்பான், வெயில்" என்று உட்காரவைத்துக் குளுக்கோஸ் கொடுத்து, அடுத்த நாளே பயிற்சிக்கு வரச் சொல்வது தப்பு. ஓடும்போதே மயக்கம், ஓடும்போது நெஞ்சில் படபடப்பு அல்லது வலி, வீட்டில் யாராவது இளம் வயதிலேயே திடீரென்று இறந்திருப்பது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரியில் ஓர் இ.சி.ஜி. எடுத்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் பூட்ஸ் மாட்ட வேண்டும்.

எரிக்சன் விழுந்த இரவுக்கே திரும்பிப் போனால், ரசிகர்களின் ஒற்றுமைக்கு எதிர்த்திசையில் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று வதந்தி. தடுப்பூசி போட்டதால்தான் விழுந்தார் என்று அன்றிரவே உலகம் முழுக்கச் செய்தி பறந்தது. எரிக்சன் தடுப்பூசியே போட்டுக்கொள்ளவில்லை என்று அவர் ஆடிய இன்டர் மிலான் கிளப்பின் தலைமை நிர்வாகி மரோட்டா சொன்னார். மறுப்பு எப்போதும் வதந்தியைவிட மெதுவாகத்தான் போகும். நம் ஊரில் ஊசி போடலாமா வேண்டாமா என்று ஜனங்கள் தயங்கிய மாதம் அது. ஒருவர் உயிருக்காக வேண்டிக்கொள்ளும் அதே கையால் அவரைப் பற்றிய பொய்யையும் அனுப்புவது எனக்கு இன்றும் கசப்பாக இருக்கிறது.

இன்னொன்று, ஆட்டத்தை அன்றே முடிக்கச் சொன்னது. அன்றிரவே ஆடலாம், அல்லது மறுநாள் நண்பகல் ஆடலாம் என்ற இரண்டு வழிதான் டென்மார்க் வீரர்கள் முன் இருந்தது. எரிக்சனுக்கு நினைவு திரும்பிய செய்தி வந்தது, இன்னொரு இரவு தூக்கமில்லாமல் கிடப்பதைவிட இப்போதே முடித்துவிடலாம் என்று ஆடினார்கள். ஆட வந்த டென்மார்க் வீரர்களை ஃபின்லாந்து வீரர்கள் கைதட்டி வரவேற்றார்கள். யோயல் போயன்பாலோ தலையால் முட்டிய பந்து, பெரிய போட்டி ஒன்றில் ஃபின்லாந்தின் முதல் கோல். அவர் அதைக் கொண்டாடவில்லை. 1-0. ஆனால் அழுது முடித்த கண்ணோடு ஆடச் சொன்னது சரியா என்று டென்மார்க் தரப்பிலிருந்தே பிறகு கேள்வி வந்தது, நியாயமான கேள்வி. அட்டவணையைத் தள்ளிவைக்கும் துணிவு அமைப்பாளர்களிடம் இருந்திருக்க வேண்டும். கேமராக்கள் நெருங்கி நெருங்கி அந்தக் காட்சியைக் காட்டியதற்கும் கண்டனம் வந்தது. நம் மைதானங்களில் செல்போனைத் தூக்கிப் பிடிக்கும் கைகளுக்கும் அது பொருந்தும். ஃபின்லாந்து ரசிகர்களின் அந்தக் கொடிகளை வைத்து மறைத்தது வேறு எதற்காக?

ஐந்து நாள் கழித்து டென்மார்க்கும் பெல்ஜியமும் அதே அரங்கத்தில் ஆடின. பத்தாவது நிமிடம் வந்ததும் பந்தை வெளியே தட்டிவிட்டு ஆட்டத்தை நிறுத்தினார்கள். எரிக்சனின் எண் பத்து. இரண்டு அணி வீரர்களும், முழு அரங்கமும் ஒரு நிமிடம் கைதட்டியது. அரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருந்த ஆஸ்பத்திரியில்தான் அவர் இருந்தார். டென்மார்க் அந்த ஆட்டத்தில் தோற்றது, ஆனால் அரையிறுதி வரை போனது. எரிக்சனின் நெஞ்சில், துடிப்பு குலைந்தால் தானே ஷாக் கொடுக்கும் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினார்கள். இத்தாலிய விதிப்படி அந்தக் கருவியோடு ஆட முடியாது என்பதால் இன்டர் மிலானை விட்டு வந்தார். 2022 பிப்ரவரியில் பிரெண்ட்ஃபோர்டுக்காக மைதானத்துக்குள் திரும்பவும் நுழைந்தபோது எதிரணியான நியூகாசில் ரசிகர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். 2024 யூரோவில் ஸ்லோவேனியாவுக்கு எதிராகக் கோலும் அடித்தார்.

ஐரோப்பாவில் இதற்குப் பிறகு நிறைய மாறியது. இங்கிலாந்தில் பிரீமியர் லீக் பணம் கொடுத்து, சின்னச் சின்ன ஊர்க் கிளப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட ஏ.இ.டி. பெட்டிகள் போயின. 2021 அக்டோபரில் நியூகாசில் கேலரியில் ஒரு ரசிகர் சரிந்தபோது, அதைப் பார்த்து ரெஃப்ரியிடம் சொன்னது எதிரணியான டாட்டன்ஹாமின் வீரர்கள். ரசிகர் ஒருவருக்காக ஆட்டக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். கேலரியில் இருந்த ஒரு டாக்டர் ஓடிப்போய் உதவினார், அந்த ரசிகர் பிழைத்தார்.

நம் பக்கம் அவ்வளவு பணம் இல்லை. ஓர் ஏ.இ.டி. இங்கே ஒரு லட்சம் ரூபாயை ஒட்டி வரும். ஊர்க் கிளப் ஒன்றால் முடியாது. மஞ்சக்குப்பம், உப்பளம் மாதிரி அரசு அரங்கங்களில் அரங்கத்துக்கு ஒன்று வைக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை, வைத்தால் பூட்டிவைக்காமல் வைக்க வேண்டும். காசே இல்லாமல் செய்யக்கூடியவை அதற்கு முன்னாலேயே இருக்கின்றன. போட்டி தொடங்கும் முன் மைக்கைப் பிடிக்கிறவர் ஸ்பான்சர் பெயர்களோடு சேர்த்து இதையும் சொல்லலாம்: வாசலில் வண்டி நிறுத்தாதீர்கள், யாராவது விழுந்தால் உள்ளே வராதீர்கள், கூட்டத்தில் டாக்டரோ நர்ஸோ இருந்தால் மேடைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு அணியிலும் இரண்டு பேருக்கு நெஞ்சை அமுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று நுழைவுப் படிவத்திலேயே ஒரு வரி சேர்க்கலாம். கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம் போதும்.

கடலூருக்கு இதில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இது பெண்கள் கால்பந்து வளர்ந்த ஊர். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் இந்த ஊர்க்காரர். காலையில் மைதானத்துக்குப் போனால் ஜெர்சி போட்ட பெண் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், பொது இடத்தில் இதயம் நின்று விழுந்த ஆண்களில் 45 சதவீதம் பேருக்கு அங்கிருந்தவர்கள் சி.பி.ஆர். செய்திருக்கிறார்கள், பெண்களில் 39 சதவீதம் பேருக்குத்தான். தொடத் தயங்குவது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. அமெரிக்காவிலேயே அப்படி என்றால், சுற்றிலும் ஆண்கள் நிற்கும் நம் மைதானத்தில் ஒரு பதினாறு வயதுப் பெண் விழுந்தால் யார் முதலில் கை வைப்பார்கள்? "லேடீஸ் யாராவது வாங்கம்மா" என்று தேடுவதிலேயே இரண்டு நிமிடம் போய்விடும். விழுந்தவர் பெண்ணானாலும் செய்முறை ஒன்றுதான், கை வைக்கும் இடமும் அதேதான், கோச் ஆணாக இருந்தாலும் அவர்தான் தொடங்க வேண்டும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிவிட்டால் அன்றைக்குத் தயக்கம் இருக்காது. அதைவிட, அந்தப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்துவிடலாம். பதின்மூன்று பதினான்கு வயதிலேயே இதைச் சரியாகச் செய்யும் வலு பலருக்கு வந்துவிடும். வாரம் ஒரு நாள் வார்ம் அப்புக்குப் பிறகு பத்து நிமிடம், ஒரு பழைய தலையணையை வைத்து, கோச் எண்ண எண்ண மாறி மாறி அமுக்கிப் பழகட்டும்.